சமையல் எண்ணெய்க்குச் சுங்க விலக்கு: வழக்கு எங்கே திரும்புகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரி 2024 செப்டம்பர் 14 அன்று 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. 2025 மே 31 முதல் 16.5 ஆக இறங்கியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 2024இல் ஏறிய 35.75 சதவீதம் 2025இல் குறைக்கப்படவில்லை. இந்த ஏற்ற இறக்கங்களையும் அதற்கு முந்தைய விலக்குகளையும் ஒட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வரி உயர்ந்த நாளன்று பகலிலேயே பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்புப் படிவம்) போட்டுவிட்டோம். அறிவிக்கை இரவில்தான் இணையத்தில் ஏறியது. அதிகாரி புதிய விகிதம் கேட்கிறார். பழைய விகிதம் கிடைக்குமா? – இறக்குமதியாளர், தூத்துக்குடி

முதலில் மூன்று நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பலுக்கு என்ட்ரி இன்வர்ட் (சரக்கை இறக்கச் சுங்கம் தரும் அனுமதி) கிடைத்தது எப்போது, பில் ஆஃப் என்ட்ரிக்கு எண் விழுந்தது எப்போது, அரசிதழில் அறிவிக்கை வெளியானது எப்போது. உங்கள் வழக்கு முழுக்க இந்த மூன்றின் வரிசையில்தான் நிற்கிறது.

சுங்கச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, நேரடி உள்நாட்டு நுகர்வுக்கான சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாளின் விகிதம்தான். ஆனால் கப்பல் வருமுன்பே பில் போட்டிருந்தால், என்ட்ரி இன்வர்ட் கிடைத்த நாளில்தான் அது தாக்கலானதாகச் சட்டம் கொள்ளும். முன்கூட்டியே போட்டோம் என்பதால் பழைய விகிதம் நமக்கு உறுதி என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் உடைகிறது. 1981இல் சமையல் எண்ணெயுடன் மும்பைக்கு வந்த ஒரு கப்பல், இடம் கிடைக்காமல் கராச்சி போய்த் திரும்பியது. முதலில் வந்த நாளைக் கணக்கிட வேண்டும் என்று இறக்குமதியாளர் வாதிட்டார். என்ட்ரி இன்வர்ட் நாள்தான் கணக்கு என்று 1989இல் பாரத் சர்ஃபக்டன்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

என்ட்ரி இன்வர்ட் முன்பே கிடைத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத வரி விதித்த அறிவிக்கை இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு மின்னரசிதழில் ஏறியது. அதற்கு முன்பே அன்று தாக்கலான பில்களுக்கு அது பொருந்தாது என்று ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாள் மட்டுமல்ல, நேரமும் கணக்கு. அதற்கு முன்பே ஆந்திர உயர் நீதிமன்றம் ருச்சி சோயா வழக்கில், 2018 மார்ச் 1 தேதியிட்டு மார்ச் 6 அன்று மின்னரசிதழில் வெளியான பாமாயில் வரி உயர்வு அறிவிக்கையை மார்ச் 1 பில்களுக்குப் பொருத்த முடியாது என்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் இன்னமும் பரம் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது 2001 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை பிறப்பித்த டாரிஃப் மதிப்பு (வரி கணக்கிட அரசே நிர்ணயிக்கும் மதிப்பு) அறிவிக்கை பற்றியது. விற்பனைக்கு வந்தது ஆகஸ்ட் 6 அன்றுதான் என்பதால் இறக்குமதியாளர் வென்றார். ஆனால் 'விற்பனைக்கு வைக்க வேண்டும்' என்ற நிபந்தனையையே 2016 நிதிச் சட்டம் எடுத்துவிட்டது. பழைய சரக்குக்கு அந்தத் தீர்ப்பு பயன்படும். இன்றைய சரக்குக்கு மின்னரசிதழ் நேரத்தை மட்டும் பிடியுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை: அரசிதழ் பி.டி.எஃப். கோப்பின் டிஜிட்டல் கையொப்ப நேரம் தெரியும்படி பக்கத்தைச் சேமியுங்கள். சுங்கத்தின் இணையத் தளமான ஐஸ்கேட் ஒப்புகையில் பில் எண் உருவான நேரத்தை எடுங்கள். உங்கள் முகவர் விவரங்களை ஏற்றத் தொடங்கிய நேரம் செல்லாது, எண் விழுந்த நேரம்தான் தாக்கல் நேரம். பாண்டட் டேங்கில் (வரி கட்டாமல் சேமித்து வைக்கும் கிடங்கு) இருக்கும் எண்ணெய்க்கு இந்த வாதமே கிடையாது. அதை வெளியே எடுக்க எக்ஸ்-பாண்ட் பில் போடும் நாளின் விகிதம்தான்.

தொகை எவ்வளவு என்றும் பாருங்கள். டன்னுக்கு 1,000 டாலர் மதிப்பு, டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 1,000 டன்னின் மதிப்பு 8.5 கோடி. 5.5க்கும் 27.5க்கும் உள்ள வித்தியாசம் 1.87 கோடி ரூபாய். சில மணி நேரத்துக்காக இவ்வளவு தொகை என்பதால், ஆவணத்தை அன்றே எடுத்து வைப்பது அவசியம். பாமாயிலுக்கும் கச்சா சோயாவுக்கும் அரசு இரு வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் டாரிஃப் மதிப்பின் மேல்தான் வரி, உங்கள் இன்வாய்ஸ் விலையின் மேல் அல்ல. சூரியகாந்தி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குப் பரிவர்த்தனை மதிப்பு.

கேள்வி: கச்சா பாமாயில் என்று அறிவித்தோம். ஆய்வக அறிக்கையில் கரோட்டினாய்டு கிலோவுக்கு 410 மில்லிகிராம். 'இது கச்சா இல்லை' என்று சுத்திகரித்த எண்ணெயின் வரி கேட்கிறார்கள். – சுத்திகரிப்பு ஆலை மேலாளர், சென்னை

இது இத்துறையின் பழைய சண்டை. 2002ஆம் ஆண்டின் 21ஆம் எண் அறிவிக்கையில், கச்சா பாமாயிலுக்கான சலுகைக்கு அமில மதிப்பு 2 அல்லது அதற்கு மேல், பீட்டா கரோட்டினாகக் கணக்கிட்ட மொத்த கரோட்டினாய்டு கிலோவுக்கு 500 முதல் 2,500 மில்லிகிராம் என்று இரட்டை நிபந்தனை இருந்தது. அறிவிக்கைப் பட்டியலில் அந்த நிபந்தனை எழுதப்பட்ட வரிசை எண்ணில் சலுகை கேட்டால், 499 வந்தாலும் சலுகை போய்விடும். மரத்திலிருந்து வந்த இயல்பான எண்ணெய் என்று நிரூபித்தும் பயனில்லை.

ஆகவே முதல் வேலை, நீங்கள் கேட்ட வரிசை எண்ணின் முழு வாசகத்தையும் அதற்கான விளக்கத்தையும் படிப்பது. அதில் கரோட்டினாய்டு எண் இல்லையென்றால், சண்டை விலக்கிலிருந்து வகைப்பாட்டுக்கு, அதாவது சுங்கப் பட்டியலின் 1511 10 00 கச்சாவா, 1511 90 வரிசையா என்பதற்கு நகர்ந்துவிடும். அங்கே ஒற்றை எண் தீர்மானிக்காது. பிழிந்தெடுத்த எண்ணெய் வடித்தல், மையவிலக்கு, வடிகட்டல் தவிர வேறெந்த முறைக்கும் உட்படாதிருந்தால் கச்சா என்கிறது, சரக்கு வகைப்பாட்டுக்கான உலகப் பொது முறையான ஹார்மோனைஸ்டு சிஸ்டத்தின் விளக்கக் குறிப்பு. உறிஞ்சு வடிகட்டலோ பகுதி பிரித்தலோ நடந்திருந்தால் கச்சா ஆகாது. இதனால்தான் பிரித்தெடுத்த பாமோலீன், கச்சாவாக இருந்தாலும் 1511 10க்குள் வராது. சோயாவில் நிலைமை வேறு. பசை நீக்கியிருந்தாலும் கச்சாதான் என்று 1507 10 துணைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இனி 410 எப்படி வந்தது என்று தேடுங்கள். பாமாயில் ஆறினால் ஸ்டியரின் கெட்டியாகி அடியில் படியும், ஓலீன் மேலே நிற்கும். கரோட்டின் ஓலீனோடு போகும். 50–55 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்காமல் டேங்கின் அடியிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் எண் குறைவாகவே வரும். முந்தைய சரக்கான ஆர்.பி.டி. (சுத்திகரித்து, நிறமும் மணமும் நீக்கிய) பாமோலீனின் மீதி கரை டேங்கிலோ குழாயிலோ கிடந்தாலும் குறையும். அதிகச் சூட்டில் நெடுநாள் கிடந்த எண்ணெயிலும் கரோட்டின் அழியும். மாதிரி எடுத்த மகஜரில் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களும் எழுதப்பட்டுள்ளனவா, அப்போதைய வெப்பநிலை குறிக்கப்பட்டுள்ளதா, டேங்கின் முந்தைய சரக்கு எது என்ற மூன்றையும் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அமில மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அறிக்கையில் எஃப்.எஃப்.ஏ. (கட்டற்ற கொழுப்பு அமிலம்) பால்மிட்டிக் அமிலக் கணக்கில் இருந்தால் 2.19ஆல் பெருக்குங்கள். வணிகத்தில் வரும் கச்சா பாமாயிலில் 3 முதல் 5 சதவீதம் சாதாரணம். அதாவது அமில மதிப்பு 6.5 முதல் 11 வரை. சுத்திகரித்த எண்ணெயில் அவ்வளவு வரவே வராது. ஆனால் இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஆர்.பி.டி. ஓலீனுடன், சுத்திகரிப்பின் துணைப்பொருளான பாம் ஃபேட்டி ஆசிட் டிஸ்டிலேட்டையும் கச்சாவையும் கப்பலிலேயே கலந்து கச்சா என்று காட்டியதாக வருவாய்ப் புலனாய்வுத் துறை தொடுத்த வழக்குகள் உண்டு. எஃப்.எஃப்.ஏ. உயர்ந்தும் கரோட்டின் தாழ்ந்தும் இருக்கும் அறிக்கை அந்தச் சந்தேகத்தையே கிளப்பும். ஏற்றிய துறைமுகத்தின் ஆய்வுச் சான்று, கப்பலின் சரக்குத் திட்டம் இரண்டையும் உங்கள் கோப்பில் வையுங்கள்.

மறு ஆய்வு கேட்க 10 நாள்தான். அறிக்கை உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று ஒற்றை வரியில் கேட்டால் தள்ளிவிடுவார்கள். சரக்கை அதுவரை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பாண்டும் (உறுதிப் பத்திரம்) பிணையும் கொடுத்து எடுக்கலாம்.

கேள்வி: டி.ஆர்.கியூ. (குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் வரிச்சலுகை) லைசென்ஸில் 2023 மார்ச்சில் கப்பலேறிய சூரியகாந்தி எண்ணெய் ஏப்ரல் கடைசியில் வந்தது. வரி கட்டி எடுத்துவிட்டோம். மே மாதம் விலக்கு வந்ததே, திரும்பக் கிடைக்குமா? – வாசகர், கோயம்புத்தூர்

2022 மே மாதத்து 30ஆம் எண் அறிவிக்கை, கச்சா சோயாவுக்கும் கச்சா சூரியகாந்திக்கும் ஆண்டுக்கு 20 லட்சம் டன் வீதம் சுங்க வரியும் வேளாண் கட்டமைப்பு செஸ்ஸும் இல்லாமல் அனுமதித்தது. இடையில் அது நிறுத்தப்பட்டபோது நடுக்கடலில் மாட்டிய சரக்குகளுக்காக 2023 மே 10 அன்று 37ஆம் எண் அறிவிக்கை வந்தது. நிபந்தனைகள் இரண்டு: 2022–23க்கான டி.ஆர்.கியூ. லைசென்ஸ், 2023 மார்ச் 31க்குள் தேதியிட்ட பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணம்). செல்லுபடி மே 11 முதல் ஜூன் 30 வரை.

உங்கள் பில் ஏப்ரலில் தாக்கலானது. அறிவிக்கையில் பின்தேதிச் சொல் இல்லை. விலக்கு அறிவிக்கையைக் கண்டிப்பாகவே படிக்க வேண்டும், ஐயம் வந்தால் அது அரசுக்குச் சாதகம் என்று திலீப்குமார் வழக்கில் 2018 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிறகு, நோக்கத்தைக் காட்டி வாதாடி வெல்வது கடினம். செலவு செய்து வழக்குப் போட நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதே எண்ணெயில் ஒரு பகுதி பாண்டட் டேங்கில் இருந்து, எக்ஸ்-பாண்ட் பில் மே 11க்கும் ஜூன் 30க்கும் இடையில் தாக்கலாகியிருந்தால் அந்தப் பகுதிக்கு வாதம் உண்டு. லைசென்ஸில் உள்ள பெயரும் பில்லில் உள்ள இறக்குமதியாளர் பெயரும் ஒன்றுதானா, லைசென்ஸில் அளவு மீதி இருந்ததா என்றும் சரிபாருங்கள். ஹை சீஸ் சேலில், அதாவது சரக்கு கடலில் இருக்கும்போதே வாங்கியவர்கள் பெரும்பாலும் பெயரில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: 'மார்ச் வரை விலக்கு' என்று அரசு சொன்னதை நம்பி ஒப்பந்தம் போட்டோம். நடுவில் திரும்பப் பெற்றார்கள். வாக்குறுதித் தடை வாதம் எடுபடுமா? – வணிகர், மதுரை

வாக்குறுதித் தடை என்றால், தன் வாக்கை நம்பிச் செயல்பட்டவரிடம் அரசு பின்வாங்கக் கூடாது என்ற வாதம். பெரும்பாலும் எடுபடாது. பி.வி.சி. ரெசின் விலக்கு பற்றிய கசின்கா டிரேடிங் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம், கெடு குறிப்பிட்டிருந்தாலும் பொது நலன் கருதி 25ஆம் பிரிவின் கீழ் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்றது. இறக்குமதி ஒப்பந்தத்தில் 'வரி மாற்றம் வாங்குபவர் கணக்கு' என்ற ஷரத்து இருக்கிறதா என்று இப்போதே பார்ப்பது அதைவிடப் பயன் தரும். கெடு எழுதப்படாத நிபந்தனை விலக்குகளுக்கும் இப்போது ஆயுள் உண்டு: 25(4ஏ) பிரிவின்படி, வழங்கிய அல்லது திருத்திய நாளிலிருந்து இரண்டாண்டு கழிந்து வரும் மார்ச் 31.

கேள்வி: சோப்பு ஆலைக்குக் கச்சா பாம் ஸ்டியரின் சலுகை விகிதத்தில் எடுக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? – ஆலை உரிமையாளர், புதுச்சேரி

2025 அக்டோபர் வரை நடப்பில் இருந்த 50/2017 அறிவிக்கையில் (2017ஆம் ஆண்டின் 50ஆம் எண்) இந்தச் சலுகைக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. எஃப்.எஃப்.ஏ. 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சோப்பு, கொழுப்பு அமிலம், கொழுப்பு ஆல்கஹால் தயாரிப்புக்கே பயன்பட வேண்டும். எண்ணெயைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் பிளக்கும் ஆலை இறக்குமதியாளரிடமே இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நேரடியாகக் காஸ்டிக் சேர்த்துச் சோப்பு காய்ச்சும் ஆலையில் பிளக்கும் கலன் கிடையாது. அப்படியிருந்தால் சலுகையும் கிடையாது.

2025 நவம்பர் 1 முதல் 50/2017க்குப் பதிலாக 45/2025 அறிவிக்கை நடப்பில் உள்ளது. பழைய வரிசை எண்ணைப் பழக்கத்தில் போட்டுவிடாமல், புதியதில் உங்கள் பொருளுக்கான வாசகம் எப்படி இருக்கிறது என்று படித்துவிட்டே பில் தயாரியுங்கள்.

இறுதிப் பயன் விலக்குக்கு (குறிப்பிட்ட தயாரிப்புக்கே பயன்படுத்த வேண்டும் என்ற விலக்கு) 2022ஆம் ஆண்டு ஐ.ஜி.சி.ஆர்.எஸ். விதிகள். சுங்கத்தின் இணையத் தளத்தில் ஐ.ஜி.சி.ஆர்-1 படிவம் தந்து அடையாள எண் பெற வேண்டும். தொடர் பாண்டு கொடுக்க வேண்டும். இரண்டு எண்களும் பில்லில் வர வேண்டும். காலாண்டுக் கணக்கு ஐ.ஜி.சி.ஆர்-3, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள். பயன்படுத்த ஓராண்டு. மீந்தால் வித்தியாச வரியும் வட்டியும் கட்டிவிடுங்கள். டேங்க் இருப்பு, பிளக்கும் கலனின் தொகுதிப் பதிவேடு, கிளிசரின் விற்பனை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: நேபாளத்திலிருந்து சுத்திகரித்த சோயா எண்ணெய் சாஃப்டா (தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்) சலுகையில் வாங்கினோம். மூலச் சான்றிதழ் (பொருள் எந்நாட்டில் உருவானது என்ற சான்று) இருந்தும் நிறுத்தி வைத்துள்ளனர். – மொத்த வியாபாரி, சேலம்

சான்றிதழ் மட்டும் போதும் என்ற காலம் 2020 செப்டம்பர் 21 அன்று, மூல நாட்டைச் சரிபார்க்கும் கரோட்டார் விதிகள் வந்தபோது முடிந்தது. 28டிஏ பிரிவின்படி மூல விதி நிறைவேறியதற்கான தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். எண்ணெயில் சிக்கல் எங்கே என்றால், கச்சா சோயாவும் சுத்திகரித்ததும் 1507 என்ற ஒரே நான்கிலக்கத் தலைப்பில் உள்ளன. பாமாயிலும் அப்படியே 1511இல். வெளிநாட்டுக் கச்சாவைச் சுத்திகரித்தால் மட்டும் நான்கிலக்கத் தலைப்பு மாறாது. அதனால் அந்நாட்டில் உருவான பொருள் என்று காட்டுவது கடினமாகிறது. உங்கள் சான்றிதழ் எந்த மூல அடிப்படையைக் குறிக்கிறது, அந்நாட்டு மதிப்புக் கூட்டல் எத்தனை சதவீதம், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதிகாரி தகவல் கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிறகு விற்றவரிடம் கேட்டு வாங்க நேரம் போதாது. படிவம் 1 நிரம்பாமல் சரக்கைக் கிளப்பவே வேண்டாம்.

கேள்வி: விலக்கைக் கேட்க மறந்து முழு வரி கட்டிவிட்டோம். நேரே ரீஃபண்ட் மனு போடலாமா? – கணக்காளர், திருச்சி

கூடாது. சுயமதிப்பீடும் ஓர் உத்தரவுதான், அதை மாற்றாமல் ரீஃபண்ட் தர முடியாது என்று ஐ.டி.சி. வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் மதிப்பீட்டை மாற்ற வேண்டும். அதற்கு வழிகள்: 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் மேல்முறையீடு, அல்லது 149ஆம் பிரிவில் பில்லைத் திருத்தக் கேட்பது. திருத்தத்துக்குச் சரக்கு வெளியேறிய நாளில் இருந்த ஆவணமே ஆதாரம். பிறகு தயாரித்தது செல்லாது. 2025 நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவு, வெளியேற்றிய பின் தாமாகவே திருத்திக்கொள்ள இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் 27ஆம் பிரிவு மனு, ஓராண்டுக்குள். எதிர்ப்புத் தெரிவித்து வரி கட்டியிருந்தால் அந்த ஓராண்டு வரம்பு பொருந்தாது. ஆகவே சலானோடு 'எதிர்ப்புடன்' என்ற கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இவை எல்லாம் முடிந்தும் பணம் வராமல் நுகர்வோர் நல நிதிக்குப் போவதுண்டு. காரணம், வரிச்சுமையை வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டீர்கள் என்ற அனுமானம். கச்சாவைச் சுத்திகரித்து விற்றதால் அது பொருந்தாது என்று வாதாட முடியாது. ஆலையிலேயே பயன்படுத்திய மூலப்பொருளுக்கும் அது பொருந்தும் என்று சோலார் பெஸ்டிசைட் வழக்கு (2000) சொல்கிறது. கேட்கும் தொகையை அந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கில் செலவாக எழுதாமல் 'சுங்கத்திடமிருந்து வர வேண்டியது' என்று சொத்துப் பக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். விற்பனை விலை வரிக்கு முன்னும் பின்னும் மாறவில்லை என்று இன்வாய்ஸ்களோடு ஆடிட்டர் சான்று வேண்டும். செலவில் எழுதிய தொகையைப் பின்னால் திருப்பிக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: பில் ஆஃப் லேடிங்கில் 5,000 டன். கரை டேங்கில் இறங்கியது 4,978 டன். எதற்கு வரி? – சுங்க முகவர், காக்கிநாடா

கரை டேங்கில் அளந்த டேங்க் டிப் அளவான 4,978க்கு. மங்களூர் ரிஃபைனரி தீர்ப்பை (2015) ஒட்டி வந்த 34/2016 சுற்றறிக்கை, டாரிஃப் மதிப்பு உள்ள சரக்குக்கும் இதையே சொல்கிறது. கரை டேங்குக்குப் போகாமல் நேரே எடுத்தால் மட்டும் கப்பலின் டேங்கில் அளந்த அல்லேஜ் அளவு.

கேள்வி: விலக்கை மறுத்து மதிப்பிட்டார்கள். ஷோ காஸ் நோட்டீஸும் (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்) வரும் என்கிறார்கள். அடுத்து என்ன? – இறக்குமதியாளர், சென்னை

முதலில் 'மறுமதிப்பீட்டை ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சரக்கு கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பலர் கையெழுத்திடும் அந்த ஒரு வரி, காரணம் கூறும் உத்தரவு பெறும் உரிமையைப் போக்கிவிடுகிறது. ஏற்காவிட்டால் 17(5) பிரிவின்படி 15 நாளுக்குள் அந்த உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

நோட்டீஸுக்குச் சாதாரணமாக 2 ஆண்டு வரம்பு. மறைப்பு, பொய்யறிக்கை என்று குற்றம் சாட்டினால் 5 ஆண்டு. ஆகவே பதிலில் தகுதி வாதத்தோடு, ஆய்வறிக்கை, பில் ஆஃப் லேடிங், லைசென்ஸ் எல்லாவற்றையும் தாக்கலின்போதே கொடுத்துவிட்டோம் என்பதைத் தேதியோடு பட்டியலிடுங்கள். பல வழக்குகள் வரம்பில்தான் விழுகின்றன. வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு நோட்டீஸ் தர அதிகாரமில்லை என்ற பழைய வாதத்தை விட்டுவிடுங்கள். கேனன் வழக்கின் மறுசீராய்வில் 2024 நவம்பர் 7 அன்று அது முடிந்துபோனது.

உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையர். அவர் மன்னிக்கக்கூடிய தாமதம் மேலும் 30 நாள்தான், 91ஆம் நாள் போனால் யாராலும் காப்பாற்ற முடியாது. மேல்முறையீட்டுக்கு முன் கட்ட வேண்டிய முன்வைப்பு, தகராறு வரியில் 7.5 சதவீதம். அங்கே தோற்றால் தீர்ப்பாயத்துக்கு 3 மாதம், முன்வைப்பு 10 சதவீதம். ஆணையரே உத்தரவு போட்டிருந்தால் நேரே தீர்ப்பாயம், 7.5 சதவீதம். வரி விகிதமும் மதிப்பும் பற்றிய தகராறு தீர்ப்பாயத்திலிருந்து உயர் நீதிமன்றம் போகாமல் நேரே உச்ச நீதிமன்றம் போகும். அங்கே புதிதாக ஆய்வறிக்கையோ மகஜரோ சேர்க்க இடமிருக்காது என்பதால், மாதிரி பற்றிய உங்கள் ஆட்சேபங்கள் எல்லாம் முதல் பதில் கடிதத்திலேயே இடம்பெற வேண்டும்.